அங்கீகரிக்கப்பட்ட சாம்பல் நிறம்

12.8.2004, வியாழன்.

"இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். பயிற்சி நிலையத்தில் எனக்குக் கொடுத்திருக்கும் புதிய கணினியில் பச்சைப் பொத்தானும் நீலப் பட்டையும் கண்ணை உறுத்தின. பழைய கணினியில் படித்தது எதுவும் இதில் அந்தந்த இடத்தில் இல்லை. அதனால் திரையைப் பழைய சாம்பல் நிறத் தோற்றத்துக்கு மாற்றிக்கொண்டேன். மாற்றியது தவறா என்று தெரியவில்லை. வகுப்பு முடிந்ததும் திரும்ப மாற்ற மறந்துவிட்டு வந்தது தவறுதான். நாளை போனதும் முதல் வேலையாக மாற்றிவிட வேண்டும்."

எழுதி முடித்ததும் ஜெனிஃபாவுக்கு மனம் கொஞ்சம் லேசானது. விரல்களை முகர்ந்து பார்த்தாள். மூன்று முறை சோப்புப் போட்டும் பசை நாற்றம் போகவில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஒட்டுப் பிரிவில் வேலை. நாள் முழுக்க ரப்பர் பசையைத் தடவித் தடவி, சாயங்காலம் ஆனால் சோறு, காபி, சர்ச்சில் வாங்கும் அப்பம் எல்லாவற்றிலும் அந்த வாசனைதான். போன மாதம் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். கம்பெனியின் பர்சனல் ஆபீசர் மேகலா மேடம் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "டிஸ்பாட்ச் ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல பதிவு போட ஒரு ஆள் வேணும். சர்ட்டிபிகேட் கொண்டா, உன்னை மேல ஏத்திடறேன். செப்டம்பர் தாண்டினா என்னால வெச்சிருக்க முடியாது." ஜெனிஃபாவுக்கும் பசை டப்பாவுக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு காகிதம்தான்.

அதைக் கொடுக்க வேண்டியது தோல் தொழில் ஊழியர் கல்வி முன்னேற்றப் பேரவை. பேரவையின் பெயர்ப்பலகை அதன் கட்டடத்தைவிட அரை அடி நீளம். கீழே உப்புத்தோல் கிடங்கு, மேலே கணினி வகுப்பு. மழைக்காலத்தில் படியேறி வரும் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் நுழைவுத் தேர்வு என்று ஜெனிஃபாவின் பக்கத்து இருக்கை அஃப்ஸர் ஜஹான் சொல்வாள்.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவர் ஒரு தோல் துண்டைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டால், அதில் முத்திரை குத்தி, கையெழுத்து வாங்கி, பூட்டி வைத்துவிடுவார்கள். அதுதான் சாம்பிள். பிறகு பதனிடும் ஆயிரம் தோலும் அந்தத் துண்டைப் போலவே இருக்க வேண்டும். தோலுக்கு அது நியாயமான வழக்கம். பேரவையின் ஆட்சிக்குழுவில் இருந்தவர்கள் தோலைத் தவிர வேறெதையும் தரம் பார்த்தறியாதவர்கள். ஆகவே 1999இல் கணினி வகுப்பைத் தொடங்கியபோது, ஒரு கணினியின் திரையைத் தாளில் அச்செடுத்து, முத்திரை குத்தி, தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டு, கண்ணாடிச் சட்டத்தில் அடைத்துச் சுவரில் மாட்டினார்கள். ஐந்து ஆண்டுகளாக அதற்கு வெள்ளிக்கிழமைதோறும் பூ வைக்கப்பட்டு வந்தது.

மறுநாளும் வெள்ளிக்கிழமை. ஜெனிஃபா ஓட்டமும் நடையுமாக வந்து சேர்வதற்குள் ஆட்சிக்குழு வந்துவிட்டது.

புதிய கணினிகளைப் பார்வையிட வந்தவர்கள் முதலில் பிரியாணிப் பொட்டலங்களைப் பார்வையிட்டார்கள். பிறகு செயலாளர் ராமமூர்த்தி எழுந்தார். தோல் மண்டியில் முப்பது வருடம் ரகம் பிரித்து ஓய்வு பெற்றவர். கணினியின் அருகில் போய், கட்டைவிரலால் திரையை அழுத்தி மெல்லத் தேய்த்தார். நெய் ஒட்டியது. விரலை முகர்ந்தார்.

"தம்பி, இது இன்னா ஷேடு?"

ஆசிரியர் ரெனால்ட் கையைக் கட்டிக்கொண்டார். "புதுசா வந்த விண்டோஸ் சார். எக்ஸ்பி. அதோட தோற்றமே இப்படித்தான்."

"நான் அதக் கேக்கல. சாம்பிளுக்கு மேட்ச் ஆகுதா?"

சுவரிலிருந்த சட்டம் இறக்கப்பட்டது. சன்னல் திறக்கப்பட்டது. வடக்கு வெளிச்சத்தில்தான் நிறம் பார்க்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு கணினியாக மேசையோடு இழுத்துத் திருப்பினார்கள். ராமமூர்த்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டு சாம்பிளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரிஜெக்ட். இதுவும் ரிஜெக்ட். பச்ச பட்டன் யாரு கேட்டா? ரிஜெக்ட்."

"சார், உள்ள எல்லாம் நல்லா வேல செய்யுது. பழசவிட வேகம் ஜாஸ்தி."

"உள்ள இன்னா இருக்குன்னு பாக்கறது தரம் பாக்கறவன் வேல இல்ல தம்பி. முப்பது வருஷமா தோல் பாத்திருக்கேன். மாட்டு மனசுல இன்னா இருந்துச்சுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல."

இந்த வாசகத்தைக் குறிப்பில் ஏற்ற வேண்டும் என்று ஒருவர் முன்மொழிந்தார். மற்றவர்கள் கை தட்டினார்கள்.

கடைசி மேசைக்கு வந்ததும் ராமமூர்த்தி நின்றார். மூடிய கண்ணைத் திறந்தார். சாம்பல் நிறத் திரை.

"இது யாரு மெஷின்?"

ஜெனிஃபா எழுந்தாள். "நான்தான் சார். தெரியாம மாத்திட்டேன். இன்னிக்கே சரி பண்ணிடறேன்."

"எதச் சரி பண்ணுவ? தெரியாம செஞ்ச நீ பாஸு. தெரிஞ்சு செஞ்ச வாத்தியாரு மீதி மெஷினு மொத்தத்துக்கும் ரிஜெக்ட் வாங்கி வெச்சிருக்காரு." குழுவின் பக்கம் திரும்பினார். "எல்லா மெஷினும் இந்தப் பொண்ணு மெஷின் மாதிரி ஆகற வரைக்கும் தேர்வு கிடையாது. இன்னிலேர்ந்து இந்தப் பொண்ணுதான் ஷேடு பொறுப்பு."

தேர்வு அடுத்த வாரம் நடக்க இருந்தது. பசை டப்பாவைத் திறக்கும்போது முதலில் அடிக்குமே ஒரு நெடி, அது கணினி அறையிலேயே ஜெனிஃபாவுக்கு அடித்தது போலிருந்தது.

"நீ ஒரு பட்டன அமுக்கிட்டு வாய மூடிக்கினு இருந்திருக்கலாம்," என்றாள் அஃப்ஸர், படியிறங்கும்போது. "நல்ல பிள்ள மாதிரி எழுந்து நின்ன பாரு. இப்ப எல்லாருக்கும் பேஜாரு."

எல்லாக் கணினிகளையும் பழைய தோற்றத்துக்கு மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று ஜெனிஃபா நாட்குறிப்பில் எழுதினாள். அதுவும் தவறு.

இரண்டாவது பார்வையில் ராமமூர்த்தி உதட்டைப் பிதுக்கினார். "அரை ஷேடு வெளுப்பா இருக்கு."

ஜெனிஃபா சாம்பிளை உற்றுப் பார்த்தாள். ஐந்து வருட வெயிலிலும் கிடங்கு ஈரத்திலும் தாள் பழுப்பேறியிருந்தது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று அவள் யோசிப்பதற்குள் ரெனால்ட் சொல்லிவிட்டார்: "சார், தாள் பழுத்துப் போச்சு. அப்ப இந்தக் கலர் இல்ல."

வாயில் வெற்றிலை போட்டிருந்த ஒரு குழு உறுப்பினர் மெல்லுவதை நிறுத்தினார்.

"தம்பி," என்றார் ராமமூர்த்தி, மிகவும் பொறுமையாக. "சாம்பிள் மாறாது. சாம்பிள் மாறிச்சுன்னு நீ சொன்னா, கையெழுத்துப் போட்ட நாங்க மாறிட்டோம்னு அர்த்தம். நாங்க மாறினோமா?"

"இல்ல சார்."

"அவ்ளோதான். தப்பு புதுசா வந்த லாட்டுலதான் இருக்கும்."

அதன் பிறகு மாலை வகுப்புகளில் கூட்டல் கழித்தல் அட்டவணை எதுவும் நடக்கவில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கட்டங்களில் எண்களைக் கூட்டிக் குறைத்து, சாம்பலைப் பழுப்பாக்குவதே பாடம். ஜெனிஃபா ஓர் எண்ணை மாற்றுவாள், சட்டத்தைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் பிடிப்பாள், தலையைச் சாய்த்துப் பார்ப்பாள், இன்னொரு எண்ணை மாற்றுவாள். தோல் ஊறவைத்த தண்ணீர் நிறம் வந்தது. பாலாற்று மணலில் தேங்கும் கழிவுநீர் நிறம் வந்தது.

"நிறுத்துடி," என்றாள் அஃப்ஸர். "பல்லு வெளக்காதவன் பல்லு கலரு வந்துடுச்சு. இதுக்கு மேல போனா எனக்கு வாந்தி வரும்."

அந்த நிறம்தான் அங்கீகரிக்கப்பட்டது.

மூன்றாவது பார்வைக்கு ராமமூர்த்தி பூதக்கண்ணாடியோடு வந்தார். சாம்பிளின் இடது மூலையில், 'மை கம்ப்யூட்டர்' படத்துக்குச் சற்று மேலே, வெள்ளை நுனியோடு ஒரு கறுப்புத் துளி இருந்தது. திரைகளில் அது இல்லை.

"அது பல்லி எச்சம் சார்," என்றார் ரெனால்ட்.

"கண்ணாடிக்கு வெளியவா, உள்ளவா?"

"உள்ள."

"கண்ணாடி போட்டது கையெழுத்துக்கு அப்புறம். அதுக்கு அப்புறம் ஒரு ஈ கூட உள்ள போயிருக்க முடியாது. அப்ப இது கையெழுத்துக்கு முன்னாடியே இருந்தது. அங்கீகரிச்சதுதான்."

ரெனால்ட் எம்.சி.ஏ. படித்தவர். சொந்த ஊர் ஆலங்காயம், வேலூரில் விடுதியில் தங்கிப் படித்து, வகுப்பில் இரண்டாவதாக வந்தவர். அன்று மாலை ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து அவர் பல்லி எச்சம் வரைந்தார். நடுவில் ஒரு முறை எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். வெள்ளை நுனி சரியாக வரவில்லை என்று இரண்டு கணினிகளில் திரும்ப வரையச் சொன்னார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூட ஜெனிஃபா பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் 1999இல் அச்செடுத்த மகானுபாவர், திரையில் ஏதாவது இருந்தால் பார்க்க நன்றாக இருக்குமே என்று நாட்காட்டியைத் திறந்துவைத்து எடுத்திருந்தார். மார்ச் 22, 1999. கீழே மூலையில் மணி நாலு பத்து. ஆகவே எல்லாத் திரைகளிலும் நாட்காட்டி திறந்திருக்க வேண்டும், தேதி மார்ச் 22, 1999 ஆக இருக்க வேண்டும், மணி நாலு பத்தாக இருக்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது.

"தேதி மாத்திடலாம் சார். மணி ஓடுமே?" என்றார் ரெனால்ட்.

"சாம்பிள்ல ஓடுதா?"

"இல்ல சார்."

"அப்புறம்?"

ஜெனிஃபா கையைத் தூக்கினாள். தூக்கியிருக்கக் கூடாது என்று அப்போதே தோன்றியது. "சார், நாட்காட்டி மேலேயே நின்னா, அதுக்கு மேல நாங்க எதத் திறந்து படிக்கறது? திறந்தா அது மறைஞ்சுடுமே."

ராமமூர்த்திக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. எழுந்து நின்று, மார்பில் கைவைத்துப் பேசினார். "பாரும்மா. ஒரு தோல் எப்ப கெடும்? வெட்டும்போது கெடும். தைக்கும்போது கெடும். ஒருத்தன் கால்ல போட்டு நடந்தான்னா அத்தோட நாசம். எங்க கையில இருக்கற வரைக்கும்தான் அது முதல் ரகம். கம்ப்யூட்டரும் அப்படித்தான். நீங்கள்லாம் வந்து தொட்டு, தொறந்து, எழுதி, அழிச்சு, ஐயோ! இந்தப் பேரவை எதுக்கு இருக்கு? உங்ககிட்டேர்ந்து இதக் காப்பாத்தத்தான் இருக்கு."

கை தட்டல் ஓயச் சற்று நேரமானது. எதையும் திறக்கக் கூடாது என்பதும் தீர்மானமானது.

செப்டம்பர் பாதியில் தேர்வு நடந்தது. செய்முறைத் தேர்வு. கேள்வித்தாளில் ஒரே கேள்வி: ஒரு மணி நேரம் திரையைச் சாம்பிளுக்கு ஒத்தபடி வைத்திருக்கவும். மணி நாலு பதினொன்று என்று மாறும்போதெல்லாம் திரும்ப நாலு பத்து என்று வைக்க வேண்டும். ஜெனிஃபா வைத்தாள். மாறியது. வைத்தாள். பக்கத்தில் ஒரு பையன் விடாமல் தும்மினான். அந்த இடைவெளியில் அவன் திரையில் நாலு பன்னிரண்டு ஆகிவிட்டது. ராமமூர்த்தி அவனை எழுப்பி வெளியே அனுப்பினார்.

"சார்," என்றாள் அஃப்ஸர், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், "எங்க எல்லாருக்கும் மணி நாலு பத்துதான். ஒரு மணி நேரம் எப்ப முடியும்?"

ஆட்சிக்குழு இதைப் பற்றி நெடுநேரம் விவாதித்தது. இதற்கிடையில் பொழுது சாய்ந்து வடக்கு வெளிச்சம் போய்விட்டதால் தேர்வு முடிந்ததாக அறிவித்தார்கள்.

ஜெனிஃபா முதல் வகுப்பில் தேறினாள். சான்றிதழை ராமமூர்த்தியே அச்சு இயந்திரத்திலிருந்து உருவி எடுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, நல்லா வந்திருக்கு," என்று கொடுத்தார். தலைவர் கிறிஸ்துராஜ் சென்னையிலேயே வாசம். வெற்றுச் சான்றிதழ்களில் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். பெயரைத் தட்டினால் தேதியைக் கணினியே போட்டுக்கொள்ளும். அந்தக் கடைசி விஷயத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஜெனிஃபாவும் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்றுதான் பார்த்தாள்.

மேகலா மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்தினார்.

"நீ பொறந்தது எப்ப?"

"எண்பத்தஞ்சு மேடம்."

"இதுல 'தோல் தொழிலில் பணிபுரியும் ஊழியர் ஜெனிஃபா'ன்னு போட்டிருக்கு. தேதி மார்ச் 22, 1999. அப்ப உனக்கு இன்னா வயசு? பதினாலு. பதினாலு வயசுல நீ ஊழியரா? அடுத்த மாசம் ஜெர்மனி பையர் ஆடிட் வருது. சின்னப் பசங்கள வேலைக்கு வெச்சிருக்கமான்னு குப்பத்தொட்டி வரைக்கும் பாப்பான். இத ஃபைல்ல வெச்சா கம்பெனியே காலி. எடுத்துக்கினு போ. சரியான தேதியோட வேற கொண்டா. திங்கக்கிழமை கடைசி. அதுக்கு மேல நம்ம மேனேஜர் ரத்தினசாமியோட மச்சான் பையன் ஒருத்தன் காத்துக்கினு இருக்கான்."

அன்றைக்கு மாலையே, வெள்ளிக்கிழமைப் பூவை ராமமூர்த்தி சாம்பிளுக்கு வைத்துக்கொண்டிருந்தபோது, ஜெனிஃபா விஷயத்தைச் சொன்னாள். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் சான்றிதழை வாங்கி, சாம்பிளிலிருந்த நாட்காட்டியோடு சேர்த்துப் பிடித்தார். "தேதி கரெக்டா இருக்கே."

"அது இன்னிக்குத் தேதி இல்ல சார். எனக்கு அப்ப பதினாலு வயசு."

"அப்ப தப்பு தேதில இல்ல. வயசுல இருக்கு." மாலையின் நாரைச் சரிசெய்தார். "கவலப்படாத. பேரவை கைவிடாது. நீ பொறந்தது எழுபத்தொம்பதுன்னு ஒரு சர்ட்டிபிகேட் குடுத்துடறோம். முத்திரையோட. வயசு ஒத்துக்கும், தேதி ஒத்துக்கும், சாம்பிளும் கெடாது."

"சார், எழுபத்தொம்பதுல எங்க அம்மாவுக்குக் கல்யாணமே ஆகல."

ராமமூர்த்தி அவளை உண்மையான வருத்தத்தோடு பார்த்தார். "அது உங்க வீட்டு விஷயம்மா. அதுல பேரவை தலையிட முடியாது."

ஜெனிஃபா படியிறங்கினாள். கிடங்கு வாசலில் வண்டியிலிருந்து உப்புத்தோல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தரையில் சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. அதைத் தாண்டும்போது செருப்பு நனைந்தது. தோலின் நாற்றம் அவளுக்கு அன்று பெரிதாகத் தெரியவில்லை. மேலே இருந்து வந்ததுதான் குமட்டியது.

ரெனால்ட் டீக்கடையில் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா," என்றார், அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே. "நாளைக்குக் குழுவுல யாரும் வர மாட்டாங்க. அமிர்திக்கு டூர் போறாங்க, அருவி பாக்க. நான் அஞ்சரைக்கு டீ குடிக்க வருவேன். ஆறு மணி வரைக்கும் குடிப்பேன். கையெழுத்துப் போட்ட வெத்துச் சர்ட்டிபிகேட்டு மேல் டிராயர்ல இருக்கு. டிராயர நான் எப்பவும் பூட்டறதில்ல. ரொம்பக் கெட்ட பழக்கம்."

"சார், அது தப்பில்லையா?"

"பல்லி எச்சம் வரைஞ்சவன்கிட்ட கேக்கறியே." மிச்ச டீயைச் சாக்கடையில் ஊற்றினார். "நீ தேறின. தேறின தேதியப் போட்டுக்க. எனக்குத் தெரிஞ்சு அந்த ரூம்ல நடக்கப் போற ஒரே நேர்மையான வேல அதுதான்."

வீட்டில் அம்மா ஞானசுந்தரி ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஜெனிஃபா நடந்ததைச் சொன்னதும் பெரிதாகச் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றது. "பாகாயத்துல பிரசவ வார்டுல ரெண்டு நாளு துடிச்சேன். எந்த வருஷம்னு எனக்குத் தெரியாதா? அவன் யாருடி உன்னை எழுபத்தொம்பதுல பெக்கறதுக்கு?" என்றாள். "தேர்வாவது ஒழுங்கா எழுதினியா?"

ஒரு மணி நேரம் மணியை நகரவிடாமல் பிடித்துவைத்ததற்கு முதல் வகுப்பு. கூட்டல் அட்டவணை போட ஜெனிஃபாவுக்குத் தெரியும்; பழைய கணினியில் கற்றது. அதை யாரும் கேட்கவில்லை. நாட்குறிப்பை எடுத்தாள். இரண்டு வரி எழுதி அடித்தாள். மறுபடி எழுதினாள்.

24.9.2004, வெள்ளி.

"நான் தேறியது சரியா என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது. ஆனால் நான் பிறந்த வருடத்தில் சந்தேகம் இல்லை. நாளைக்கான வேலை: கம்பெனி விட்டதும் அஃப்ஸரோடு நேரே பயிற்சி நிலையம் போக வேண்டும். அஃப்ஸரைப் படியில் நிறுத்த வேண்டும். ஐந்தரைக்கு மேல் டிராயரைத் திறந்து வெற்றுச் சான்றிதழ்களில் ஒன்றை எடுக்க வேண்டும். என் கணினியில் சரியான தேதியை வைத்து, சான்றிதழை அச்செடுக்க வேண்டும். பிறகு மற்ற கணினிகளிலும் சரியான தேதியையும், பச்சைப் பொத்தானையும் நீலப் பட்டையையும் வைக்க வேண்டும். விளக்கை அணைக்க வேண்டும். திரும்ப மாற்ற மறந்துவிட வேண்டும்."